காற்றின் வழியே பழுதைத் தேடுதல்: பட்டறை வக்கியூமின் பராமரிப்பும் திருத்தமும்

“அண்ணை, மோட்டர் போட்டுது போலக் கிடக்கு. சத்தம் மட்டும் வருது, இழுவையே இல்லை.”

வக்கியூமை மோட்டார் சைக்கிளின் பின்னால் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்து இறக்குகிறவர்கள் அநேகமாக இந்த வசனத்தோடுதான் வருவார்கள். நான் மோட்டரைத் தொடமாட்டேன். “முதல்ல ஹோஸைக் கழட்டு தம்பி, பாப்பம்” என்பேன். ஹோஸ் இல்லாமல் இயக்கி, தொட்டியின் வாயில் உள்ளங்கையை வைத்தால் அது கையைப் பிடித்து இழுக்கிறதா? அப்படியானால் பழுது ஹோஸில். இழுக்கவில்லையா, மூடியைத் திறந்து பில்ரரை எடுத்துவிட்டு ஒரு கணம் மட்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். இப்போது இழுத்தால் பழுது பில்ரரில். இந்த இரண்டு படியையும் தாண்டி மோட்டர் வரைக்கும் போகவேண்டி வந்தது மிகச் சில தடவைதான்.

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு பழக்கத்தின் விரிவு. காற்று எந்த வழியால் போகிறதோ அந்த வழியாலேயே நீங்களும் போங்கள்: முனை, ஹோஸ், தொட்டி, பை, பில்ரர், விசிறி, வெளிவாய். மோட்டர் கடைசி. சென்ற அத்தியாயத்தில் கிறைண்டரைப் பார்த்தோம்; அதில் முதலில் காபன் பிரஷைப் பார் என்று சொன்னேன். வக்கியூமில் அந்த ஒழுங்கு தலைகீழ்.

உள்ளே என்ன நடக்கிறது

வக்கியூம் தூசியை இழுப்பதில்லை. மூடிக்குள் இருக்கும் விசிறி நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுழன்று தொட்டிக்குள் இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. உள்ளே அமுக்கம் குறைய, வெளிக்காற்று ஹோஸ் வழியாக ஓடிவந்து நிரப்பப் பார்க்கிறது. வரும்போது தூசியையும் அள்ளி வருகிறது. 1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் செய்த இயந்திரம் குதிரை வண்டியில் வந்து தெருவில் நின்று, யன்னலால் நீண்ட குழாயை உள்ளே விட்டு வீட்டுத் தூசியை எடுத்தது. அளவு சுருங்கியதே தவிர வேலை அதேதான்.

எங்கள் ஊரில் தோட்டம் செய்கிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கோடையில் கிணறு வற்றினால் பம்பைக் கிணற்றுக்குள் தட்டு அடித்து ஏன் இறக்குகிறோம்? மேலே இருக்கும் பம்ப் 7, 8 மீற்றருக்குக் கீழே உள்ள தண்ணீரை இழுக்காது. முழு வெற்றிடமே தண்ணீரை 10 மீற்றர் சொச்சத்துக்குத்தான் உயர்த்தும். நல்ல பட்டறை வக்கியூம் அதில் ஐந்திலொன்று, அதாவது 2 மீற்றர் அளவுக்கு உயர்த்தும். பெட்டியில் 20 கிலோபஸ்கால் என்று போட்டிருப்பது இதைத்தான்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிவான பிளாஸ்ரிக் குழாயை ஒரு மூன்று மீற்றர் எடுத்துச் சுவரில் நிமிர்த்திக் கட்டுங்கள். கீழ்நுனி தண்ணீர் வாளிக்குள். மேல்நுனியை வக்கியூம் ஹோஸின் வாய்க்குள் செருகி, இடைவெளியை ஈரத்துணியால் இறுக அடையுங்கள். இயக்கியவுடன் தண்ணீர் குழாயில் ஏறி ஒரு இடத்தில் நிற்கும். அந்த உயரத்தைச் சுவரில் சோக்கால் குறித்துவிட்டுப் பத்து செக்கனுக்குள் நிறுத்திவிடுங்கள். இயந்திரம் புதிதாக இருக்கும்போதே இந்தக் கோட்டைப் போட்டுத் திகதியும் எழுதி வைத்தால், ஒரு வருடம் கழித்து “இழுவை குறைஞ்சிட்டுது போல” என்று மனக்கணக்குப் பார்க்கத் தேவையில்லை. பில்ரர் இல்லாமலும் தண்ணீர் பழைய கோட்டுக்கு ஏறவில்லையென்றால் எங்கோ காற்று ஒழுகுகிறது, அல்லது விசிறியோ மோட்டரோ தளர்ந்திருக்கிறது. ஏறுகிறது, ஆனாலும் தூசி வரவில்லையென்றால் விசை இருக்கிறது, வழிதான் அடைத்திருக்கிறது.

வெளிநாட்டுச் சாமான்

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டு வக்கியூம்களுக்கென்றே உரிய ஒரு சாவு உண்டு. கனடாவில் இருக்கும் அண்ணன் கொள்கலனில் சாமான் அனுப்பும்போது ஒரு வக்கியூமையும் சேர்த்து அனுப்புவார். அது 120 வோல்ற் இயந்திரம். இங்கே 230. பிளக்கை மாற்றிச் செருகினால் அரை நிமிடம் விமானம் மாதிரிக் கத்தும், பிறகு புகை, பிறகு அமைதி. அதைத் திருத்த நினைக்க வேண்டாம். இயக்குவதற்கு முன்பே அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்தால், இயந்திரத்தின் வாற் அளவைவிட ஒன்றரை மடங்கு தாங்கக்கூடிய இறக்குமின்மாற்றியோடு பாவிக்கலாம். 60 ஹேர்ட்ஸ், 50 ஹேர்ட்ஸ் வித்தியாசம் இந்த வகை மோட்டரைப் பாதிக்காது. ஜெர்மனி, சுவிஸ், பிரான்ஸ் இயந்திரங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. பிளக் மட்டும்தான் வேறு.

நீட்டு வயரில் கவனம். 1,400 வாற் வக்கியூம் 6 அம்பியர் எடுக்கும். 0.75 சதுர மில்லிமீற்றர் வயரில் 30 மீற்றர் தூரம் கொண்டுபோனால் வழியிலேயே 8 வோல்ற் அளவு தொலைகிறது. மின்கம்ப வரிசையின் கடைசி வீடென்றால் மாலை நேரத்தில் ஏற்கெனவே மின்னழுத்தம் இறங்கியிருக்கும். அதோடு இதுவும் சேர இழுவை தெரியத்தக்கதாகக் குறையும். 1.5 மில்லிமீற்றர் வயர் வாங்குங்கள், சுருளை முழுவதும் விரித்துப் போடுங்கள். சுற்றியபடியே பாவித்தால் நடுச்சுருள் சூடேறி உருகும். 2,000 வாற் கிறைண்டரையும் வக்கியூமையும் ஒரே 13 அம்பியர் செருகியில் கொடுத்தால் கணக்கு 14 அம்பியரைத் தாண்டும். பியூஸ் போவது பியூஸின் குற்றமில்லை. அதற்குப் பதில் சிகரெட் பெட்டித் தகட்டைச் சுற்றுகிறவர்களுக்கு இந்தப் புத்தகம் எதுவும் செய்ய முடியாது.

தூளுக்குத் தூள் குணம் வேறு

மர இயந்திரக்காரரும் வழிகாட்டிக் கையேடுகளும் “மரத்தூள்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்துப் பட்டறையில் அது போதாது.

பனையை எடுங்கள். வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பியம் பிரித்தது. அந்தக் கணக்கில் பனை புல். வக்கியூமும் அதை ஒப்புக்கொள்ளும். பனஞ்சிலாகை சீவும்போது வருவது தூளில்லை. கறுத்த, ஊசி போன்ற சிராய்களும், உள்ளே இருக்கும் சோற்றின் மெல்லிய பஞ்சும். ஒரு சிராய் ஹோஸின் வளைவில் குறுக்கே நிற்கும். அடுத்தது அதில் மாட்டும். பஞ்சு அதன்மேல் படியும். கால் மணித்தியாலத்தில் அங்கே ஒரு குருவிக்கூடு. தப்பி உள்ளே போகும் சிராய் கடதாசிப் பையைக் குத்தும், பில்ரரின் மடிப்புக்குள் ஊசியாக நிற்கும். ஆகவே பனை வேலை முடிந்ததும் முதலில் தும்புத்தடியால் கூட்டி அள்ளுங்கள். மிச்சம் நிலத்தில் கிடக்கும் தூசிக்குத்தான் வக்கியூம். இதைச் சொன்னால் “பிறகு மெஷின் எதுக்கு?” என்று கேட்பார்கள். கூட்டினால் நிலத்துத் தூசி போகும். மூக்குக்குள் போகும் தூசியைத் தும்புத்தடி எழுப்பித்தான் விடும். மெஷின் அந்தத் தூசிக்கு.

வன்னியிலிருந்து மரக்காலைகளுக்கு வரும் முதிரை வேறு வில்லங்கம். அதன் தூள் பட்டால் சிலருக்குத் தோல் சிவந்து, தடித்து, விடாமல் கடிக்கும். முதிரை வேலைக்குப் பிறகு பையை மாற்றும்போது சாரத்தை மடித்துக் கட்டி வெறும் மேலோடு நிற்காதீர்கள். நீளக்கைச் சட்டையும் முகமூடியும் வேண்டும். வேப்பந்தூள் தொண்டையில் கசந்து நின்று தன்னைத் தானே அறிவிக்கும். தேக்கு சத்தமில்லாமல் இருமலைத் தரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. மூக்கையும் அதைச் சுற்றியுள்ள எலும்பறைகளையும் அது தாக்குகிறது. நாற்பது வருடம் சீவுளி பிடித்த எங்கள் பெரியவர்கள் திறந்த கொட்டிலில், காற்றோட்டத்தில், கையால் சீவினார்கள். அதில் வந்தது சீவல். நாங்கள் நான்கு சுவருக்குள் மின் சாண்டரால் உரசுகிறோம், வருவது மாவு. பழைய கணக்கு இங்கே பொருந்தாது.

எல்லாவற்றிலும் மோசம் பான்ட்றி கபேட் செய்யும் எம்.டி.எஃப். பலகையின் தூள். பவுடர் மாதிரி. அதில் பசையும் கலந்திருக்கிறது. சாதாரணப் பில்ரரை அது பத்து நிமிடத்தில் பூசிவிடும். இந்த வேலைக்குப் பை இல்லாமல் வக்கியூமைத் தொடவே வேண்டாம்.

சுவர் துளைக்கும்போது வரும் சீமெந்துத் தூள் மடிப்புகளில் படிந்து, பிறகு மாரிக்காலத்து ஈரத்தில் அங்கேயே கல்லாகும். சீமெந்துக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று என்று இரண்டு பில்ரர் வைத்திருப்பவன் புத்திசாலி.

ஒருபோதும் உறிஞ்சக்கூடாதவை: பெற்றோல், தின்னர், சூடான சாம்பல், கிறைண்டர் பொறி விழுந்த தூள். இந்த மோட்டரின் காபனில் எப்போதும் சின்னப் பொறி பறந்துகொண்டே இருக்கும். கராஜில் சிந்திய பெற்றோலை வக்கியூமால் எடுப்பது நெருப்புக்குச்சியைக் கொளுத்திப் பார்ப்பதற்குச் சமம். இரும்பு வெட்டிய பொறி மரத்தூளுக்குள் போய்விட்டால் புகை தெரிவதற்கு ஒரு மணித்தியாலம் ஆகலாம். நீங்கள் கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பீர்கள். இரும்பும் மரமும் சேர்ந்து செய்கிற பட்டறையில், வேலை முடிந்ததும் தொட்டியை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது கட்டாயம்.

பில்ரர்

வக்கியூமின் ஆயுள் பில்ரரில்தான் இருக்கிறது. மோட்டர் எரிந்ததாகச் சொல்லப்படும் கதைகளை விசாரித்துப் பின்னால் போனால், ஒரு கிழிந்த பில்ரரிலோ ஆறு மாதம் தட்டாத பில்ரரிலோ போய் நிற்கும்.

தட்டுவது என்றால் தூணில் ஓங்கி அடிப்பதல்ல. அடித்தால் மேலும் கீழும் உள்ள றப்பர் வளையம் கடதாசியிலிருந்து விடுபடும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியால் மாவுத்தூள் நேரே விசிறிக்குப் போகும். பையொன்றுக்குள் பில்ரரை விட்டு, வாயைக் கையால் பிடித்துக்கொண்டு, வெளியில் நின்று உள்ளங்கையால் தட்டுங்கள். கொம்பிறஷர் இருந்தால் 2 பாருக்குக் குறைத்து, ஒரு சாண் தள்ளி நின்று, உள்ளிருந்து வெளியே ஊதுங்கள். வெளியிலிருந்து உள்ளே ஊதினால் தூளை மடிப்புக்குள் அடித்து இறுக்கியதுதான் மிச்சம். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில் நின்று ஊதுங்கள். இப்படிச் சொல்வதால் சிரிக்க வேண்டாம், சோளகம் அடிக்கும் மாதங்களில் ஊதிய தூள் முழுவதையும் தலையில் வாங்கியவன் சொல்கிறேன்.

கழுவுவதில்தான் எங்கள் ஊருக்குத் தனிச் சிக்கல். கழுவலாம் என்று போட்டிருக்கும் பில்ரரை மட்டும் கழுவலாம் என்பது எல்லா ஊருக்கும் பொது. ஆனால் எதில் கழுவுவது? குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் ஊறி வருகிறது. கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கல் பில்ரரின் நுண்துளைகளிலும் படியும். கரையோரக் கிராமங்களின் சவர்த் தண்ணீர் அதைவிட மோசம். காய்ந்தபின் நிற்கும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அந்த ஈரத்தில் தூள் கூழாகும். மூன்று நான்கு கழுவலுக்குப் பிறகு பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் பில்ரர் காற்றை விடாது. கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள். மாரியில் பீலியால் வடியும் மழைத்தண்ணீரை, முதல் மழையை விட்டுவிட்டு, இரண்டு வாளி பிடித்து மூடி வையுங்கள். பில்ரர் கழுவுவதற்கு அது போதும். சவர்க்காரம் வேண்டாம்.

கழுவியதை நிழலில், காற்று வரும் இடத்தில், தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் வளையம் இறுகி வெடிக்கும். கோடையில் ஒரு நாள் முழுவதும், கார்த்திகை மழையில் மூன்று நாள். அரைகுறை ஈரத்தோடு மாட்டுவதைவிட அழுக்குப் பில்ரரோடு வேலை செய்வது பரவாயில்லை. மூன்று நாள் வேலையை நிறுத்த முடியாதே என்பதுதான் இரண்டாவது பில்ரர் வாங்கச் சொல்வதன் காரணம்.

கசிவு இருக்கிறதா என்று அறிய வெள்ளைத் துணி போதும். பழைய வேட்டித் துண்டொன்றை வெளிவாயில் தளர்வாகப் பிடித்து இரண்டு நிமிடம் உறிஞ்சுங்கள். துணியில் நிறம் ஏறினால் பில்ரர் ஓட்டை, அல்லது அதன் இருக்கை சரியில்லை. இருட்டறையில் பில்ரருக்குள் ரோச் வெளிச்சம் விட்டுப் பார்த்தால் ஊசித்துளையும் நட்சத்திரம் போலத் தெரியும். ஓட்டையை ரேப்பால் ஒட்டாதீர்கள். அடுத்த இழுவையில் ரேப் விசிறிக்குள் போகும்.

பை பற்றி ஒரு வார்த்தை. கொம்பனிப் பை கிடைக்காத, அல்லது விலை தாங்காத காலங்கள் வரும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது உதிரிப்பாகக் கடைகளில் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் பலர். அப்போது கடைகளில் தரும் நெய்யாத துணிப்பையை வெட்டித் தைத்துப் பை செய்தோம். வாள்தூளுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. சாண்டர் மாவுக்கு வேலை செய்யவில்லை. தடித்த பருத்தித் துணியில் தைத்தவர்கள் தூசியையும் நிறுத்தினார்கள், காற்றையும் நிறுத்தினார்கள். உங்கள் தொழில் சாண்டர் வேலையென்றால் தையலை விட்டுவிடுங்கள். ஐரோப்பிய முறையில் எல் வகுப்பு 99 வீதத் தூசியையும், எம் வகுப்பு 99.9 வீதத்தையும் பிடிக்க வேண்டும். மரத்தூளுக்கு எம். பெட்டியில் அந்த எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதுவும் முடியாவிட்டால் இயந்திரத்தையே யன்னலுக்கு வெளியே தாழ்வாரத்தில் வைத்து ஹோஸை மட்டும் உள்ளே எடுங்கள். தப்பும் தூசி வெளியே போகும், காதுக்கும் நல்லது. வேலிக்கு அப்பால் உடுப்புக் காயப்போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோஸும் போளையும்

ஹோஸ் அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பார்க்காதீர்கள். சிறுபிள்ளைகளிடம் ஒரு போளை வாங்கி மேல்வாயால் விட்டு, ஹோஸை ஏணி போல உயர்த்திப் பிடியுங்கள். மறுவாயால் விழுந்தால் வழி சுத்தம். விழாவிட்டால் ஹோஸைக் குலுக்க, போளை நின்ற இடத்தில் கிலுகிலுக்கும். அடைப்பு அந்த இடம்.

எடுப்பதற்கு இரும்புக்கம்பி கூடாது. சுருள் ஹோஸின் மெல்லிய சுவர் கிழியும். வெளிவாயில் ஹோஸை மாட்டும் வசதி உள்ள இயந்திரமென்றால் மாட்டி எதிர்த்திசையில் ஊதவிடுங்கள், மறுவாயை ஒரு சாக்குக்குள் வைத்து. அதற்கும் அசையாத பனஞ்சிராய்க் கூட்டை அரை அங்குல நீர்க்குழாயின் நுனியை உரசி மழுக்கித் தள்ளலாம்.

ஹோஸ் வெடிப்பது அநேகமாகக் கைப்பிடிக்குக் கிட்டேதான். அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு கைப்பிடியைத் திரும்பத் திருகி ஏற்றுங்கள். அநேக ஹோஸ்களில் கைப்பிடி சுருளின்மேலேயே திருகாணி போல ஏறும், சிலவற்றில் இடப்பக்கமாக. ஒரு சாண் நீளம் குறையும், அவ்வளவுதான்.

பெயின்ற் வாளிப் பிரிப்பான்

பில்ரருக்கு வரும் தூளில் பெரும்பகுதியை வழியிலேயே இறக்கிவிட ஒரு வாளி போதும். மர ஆலைகளின் கூரையில் நிற்கும் பெரிய தகரக் கூம்பு செய்வது அதே வேலை: காற்றைச் சுழலவிட்டால் கனமான தூள் சுவரோடு உரசிக் கீழே விழும், இலேசான காற்று நடுவால் மேலே போகும். ஜேம்ஸ் டைசன் பையில்லாத வீட்டு வக்கியூமைச் செய்யத் தூண்டியதும் இப்படியொரு ஆலைக் கூம்புதான். 5,127 மாதிரி செய்து பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். உங்களுக்கு இரண்டு மாதிரியில் சரிவரும்.

20 லீற்றர் பெயின்ற் வாளியின் மூடியில், நடுவில் ஒரு குழாய். அது வக்கியூமுக்குப் போகும். ஓரத்தில் இன்னொன்று, உள்ளே முழங்கை மாட்டி, அதன் வாய் வாளிச் சுவரோடு வட்டமாக ஓடும்படி திருப்புங்கள். இணைப்புகளைச் சிலிக்கோனால் அடையுங்கள். இதில் எல்லோரும் தவறுவது வாளியைத் தேர்வதில். 20 கிலோபஸ்கால் என்பது சதுர சென்ரிமீற்றருக்கு 200 கிராம். 30 சென்ரிமீற்றர் அகல மூடியில் அது 140 கிலோ, அதாவது இரண்டு ஆட்கள் ஏறி நிற்கும் பாரம். ஹோஸ் அடைத்த அந்தக் கணத்தில் மெல்லிய வாளி பேணி போல நசுங்கும். தடித்த வாளி எடுங்கள், அல்லது உள்ளே ஒரு மரவளையம் வெட்டி இறுக்குங்கள். வாளி அரைவாசி நிறைந்ததும் கொட்டுங்கள். அதற்குமேல் போனால் விழுந்த தூளையே காற்று மறுபடி தூக்கிக்கொண்டு போகும்.

தண்ணீர் எடுக்கும்போது

மாரியில் பட்டறைக்குள் வெள்ளம் வந்தால் வக்கியூம் நினைவுக்கு வரும். முதலில் அது ஈரம் எடுக்கும் வகையா என்று பாருங்கள். ஈர வகையில் மோட்டரைக் குளிர்விக்க வேறு காற்று வழி உண்டு. வீட்டு வகையில் உறிஞ்சிய காற்றே மோட்டருக்குள்ளால் போகும், தண்ணீரும் கூடவே போகும்.

பையையும் கடதாசிப் பில்ரரையும் எடுத்துவிட்டு நுரைப்பஞ்சு உறையைப் போடுங்கள். தொட்டி நிறையும்போது உள்ளே மிதக்கும் பந்து மேலெழும்பி வழியை அடைக்கும். சத்தம் திடீரென்று கூர்மையாகும். பழுதென்று பதறவேண்டாம், நிறுத்திக் கொட்டுங்கள். சவர்க்கார நுரையில் பந்து மிதக்காது. நுரை சத்தமில்லாமல் மோட்டருக்குள் ஏறிவிடும். வேலை முடிந்ததும் தொட்டியைத் துடைத்து, ஹோஸ் இல்லாமல் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, மூடியைத் திறந்து வையுங்கள்.

காதால் பார்த்தல்

சத்தம் வழக்கத்தைவிடக் கூர்மையாகக் கேட்டால் வழி அடைத்திருக்கிறது. இது பலருக்கு நம்பச் சிரமமாக இருக்கும். காற்று வராதபோது விசிறிக்குத் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. பாரம் குறைய மோட்டர் வேகமாகச் சுற்றுகிறது. “மோட்டர் கஷ்டப்பட்டுக் கத்துது” என்று நினைக்கும் அந்த நேரத்தில் அது சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது.

சத்தம் தணிந்து முனகினால், மின்னழுத்தம் குறைவு, காபன் தேய்வு, அல்லது பெயாரிங். கரகரவென்ற உரசல் பெயாரிங். நிறுத்தியபின் நீண்ட நேரம் அமைதியாகச் சுற்றி நிற்பது நல்ல பெயாரிங். சட்டென்று நிற்பது கெட்டது. பல மோட்டர்களில் இருப்பது 608 என்ற எண், உட்துளை 8 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 22. இருபுறமும் மூடிய வகையை வாங்குங்கள். தையல் மெஷின் எண்ணெயை விடுகிற பழக்கம் எங்களிடம் ஊறிப்போயிருக்கிறது. இங்கே விட்டால் அது காபன் உரசும் செப்புத் தட்டில் தெறித்து, காபன் தூளோடு குழைந்து, மோட்டரையே முடிக்கும்.

கால் மணித்தியாலம் ஓடி நின்று, அரை மணித்தியாலம் கழித்துத் தானாக உயிர் வருகிறதென்றால் உள்ளே இருக்கும் வெப்ப சுவிச் தன் கடமையைச் செய்கிறது. குளிர்காற்று வழி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த சுவிச்சை நேரடியாகக் கட்டிவிடும் திருத்துநரிடம் இரண்டாம் தடவை போகாதீர்கள்.

காபனைப் பார்க்கப் பிளக்கைப் பிடுங்கிய பிறகே மூடியைக் கழற்றுங்கள். 8 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றை மட்டுமல்ல. பழையது எந்தப் பக்கம் வளைந்து தேய்ந்திருக்கிறது என்று பார்த்து அதேபோல் வையுங்கள். முதல் அரை மணித்தியாலம் இடைவிட்டு இடைவிட்டு ஓட்டுங்கள். நீலமாகச் சின்னப் பொறி இருந்தால் சரி. செப்புத் தட்டைச் சுற்றி மஞ்சள் வளையமாக நெருப்பு ஓடினால் சுருளுக்குள் பழுது. அந்த மோட்டருக்குச் செலவழிக்க வேண்டாம்.

செருகியவுடன் ட்ரிப் சுவிச் விழுந்தால் ஈரமோ காபன் தூளோ மின்சாரத்தை இயந்திரத்தின் உடலுக்கு விடுகிறது. ட்ரிப்பைச் சுற்றி வயர் போடாதீர்கள். மின்வேலை தெரிந்தவரிடம் மோட்டரின் காவலை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சும்மா இருக்கும் காலம்

குடாநாட்டில் எந்தப் பட்டறையும் கடலுக்கு வெகுதூரத்தில் இல்லை. உப்புக்காற்று செப்புத் தட்டைப் பச்சையாக்கும், சுவிச்சின் நாக்கைத் தின்னும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிடுவது மருந்து. ஓடவிடுமுன் வெளிவாய்க்குள் ரோச் அடித்துப் பாருங்கள். இரண்டு மாதம் சும்மா கிடந்த இயந்திரமொன்றைத் திறந்தபோது வெளிவாய் முழுவதும் குளவி கட்டிய மண்கூடு; இயக்கியிருந்தால் சூட்டில் போயிருக்கும். இப்போது நான் ஹோஸின் இரண்டு வாயையும் வெளிவாயையும் பழைய சொக்ஸால் கட்டி வைக்கிறேன். வயரை மோட்டர்த் தலையைச் சுற்றி இறுக்கிச் சுற்றாமல் தளர்வாக ஆணியில் தொங்கவிடுங்கள், எலி எட்டாத உயரத்தில்.

கடைசியாக ஒன்று. இயந்திரத்தின் மாதிரி எண், பில்ரரின் உயரம், வெளிவிட்டம், உள்விட்டம், காபனின் மூன்று அளவுகள், இவ்வளவையும் அழியாத பேனாவால் மூடியின் உட்பக்கம் இன்றே எழுதிவிடுங்கள். அடியில் ஒட்டிய தகடு இரண்டு மாரிக்குமேல் நிற்காது. கடைக்குப் போகும்போது எழுதியதை மட்டும் நம்பிப் போகாமல் பழைய பில்ரரையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.